எழுமலை வழியில் கண்ட சுமைதாங்கி

சிம்மக்கல், மதுரை
புதன்கிழமை

அன்புள்ள ரோகிணிக்கு,

அழகுராஜா எழுதுகிறேன். போன் செய்தால் அத்தைதான் எடுக்கிறார்கள். நீ தூங்குகிறாய் என்கிறார்கள், இல்லையென்றால் குளிக்கப் போயிருக்கிறாய் என்கிறார்கள். அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று பத்து நாளாக நானும் கூப்பிடவில்லை. கடிதம் என்றால் உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பிரித்துக்கொள்ளலாம்.

இங்கே சொல்லும்படி ஒன்றும் இல்லை. மாடித் தொட்டியில் கசிவு நின்றுவிட்டது. கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். காலையில் கடைக்குப் போகிறேன், கருகிய மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறேன், எட்டு மணிக்குத் திரும்புகிறேன். வேலை முன்னைவிடச் சுத்தமாக இருக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார். கை தானாகச் செய்கிறது. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரிவதில்லை. அழுகையும் வரவில்லை. நான்கு மாதமாக இப்படித்தான். நீ பேரையூருக்கு உன் அம்மா வீட்டுக்குப் போன அன்றும் பஸ் ஏற்றிவிட்டு நேராகக் கடைக்குத்தான் போனேன்.

நம் கடைக்கு அடுத்த சாக்குக் கடை சிஹாபுதீன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு காடு கரையெல்லாம் பழைய கல் தேடிப் போவாரே, ஷாஹீதா அக்கா எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறார்களோ என்று நீகூடச் சிரிப்பாய். இப்போது அவர் பின்னால் உட்கார்ந்து நானும் போகிறேன். ஒரு ஞாயிறு காலையில் வீட்டு வாசலுக்கே வந்து, ஒத்தையாப் போக முடியலை மாப்ள, கல்லை அளக்க டேப் பிடிக்க ஆள் வேணும், வா என்றார். ஏழு வருஷமாக ஒத்தையாகத்தான் போய்க்கொண்டிருந்தார். நானும் எதுவும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தேன்.

இதுவரை ஐந்து ஞாயிறு. உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு சோளக்காட்டு வரப்பில் வாளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வீரன் கல் ஒன்று. இடுப்பு வரை மண்ணுக்குள் இருக்கிறான். கருவேலங்காட்டுக்குள் ஒரு மைல் கல், வெள்ளைக்காரன் காலத்தது. அந்த வழியில் இப்போது சாலையே கிடையாது. ஒரு கண்மாய்க் கரையில் எழுத்து வெட்டிய பலகைக் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் படம் எடுப்பார், நான் அளப்பேன். நீளம், அகலம், கனம். அளக்கும்போது வேறு நினைப்பு வருவதில்லை. அதனால்தான் போனேன், வேறு ஆசை ஒன்றும் இல்லை.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எழுமலைச் சாலையிலிருந்து பிரிகிற வண்டிப்பாதையில் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு நீளக் கல்லைப் படுக்க வைத்திருந்தார்கள். நெஞ்சு உயரம் இருக்கும். நான்தான் முதலில் பார்த்தேன். அண்ணன் வண்டியை நிறுத்தவில்லை. அதுல ஒண்ணுமில்லை, இது மாதிரி நிறையப் பார்த்தாச்சு என்றார். எந்தக் கல்லையும் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை அவர். நான் தோளைத் தட்டி நிறுத்தச் சொல்லி இறங்கி டேப்பை விரித்தேன். அவர் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா வந்து, தலையிலிருந்த விறகுக் கட்டை அந்தக் கல்மேல் இறக்கி வைத்தார். மலையம்மாள் என்று பெயர் சொன்னார். அத்தை வயது இருக்கும். என்னத்தை அளக்கிறாய் என்று கேட்டார். சுமைதாங்கி என்று எனக்கும் தெரியும், வழிப்போக்கர்களுக்காக வைத்தது என்றுதான் நினைத்திருந்தேன். யார் வைத்தார்கள் என்று கேட்டேன்.

"வயித்துல புள்ளையோட செத்துப் போனவளுக்கு வைக்கிறது தம்பி. அவளால இறக்கி வைக்க முடியாமப் போச்சுல்ல. நாலு பேரு வந்து சுமைய இறக்கி வச்சா அவளுக்கு ஆறும்னு வீட்டாளுக வச்சிருக்காக" என்றார்.

பக்கவாட்டில் பெயர் வெட்டியிருப்பதைக் காட்டினார். விரலால் தடவித் தடவிப் படித்தேன். ராக்கம்மாள். ஊர் இல்லை, வருஷம் இல்லை.

ஏனோ அவரிடம் சொல்லத் தோன்றியது. எங்களுக்கும் எட்டாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே தவறிவிட்டது என்றேன். வாய் திறந்து ஒருவரிடம் நானாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் பிள்ளையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பெத்தவ பொழச்சுக்கிட்டாள்ல?" என்றார்.

"பொழச்சுக்கிட்டா" என்றேன்.

அதற்கப்புறம் டேப்பைச் சுருட்ட முடியவில்லை. அண்ணன் இறங்கி வந்து என் கையிலிருந்து வாங்கிச் சுருட்டினார். இத்தனை ஞாயிறும் இந்த மாதிரிக் கல் இருக்கிற பாதையை விட்டுச் சுற்றித்தான் கூட்டிப் போயிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

ரோகிணி, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெளியே வந்தபோது கதவு திறந்திருந்தது. நான் கேட்டது உன் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும். புள்ளைக்கு என்னாச்சு, புள்ளைக்கு என்னாச்சு என்று மூன்று தடவை கேட்டேன். உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. டாக்டரம்மாவே, ரத்தம் நிறையப் போயிருக்கிறது, ஆனாலும் தாய்க்கு ஆபத்தில்லை என்று சொன்னார். அதற்கு நான் தலைகூட ஆட்டவில்லை. உள்ளே வந்ததும் நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். மயக்கம் என்று எல்லோரிடமும் சொன்னேன். மயக்கம் இல்லை என்று தெரிந்தேதான் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகும் வந்தவர்கள் எல்லோரும் பிள்ளைக்காக என் கையைப் பிடித்தார்கள், நானும் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ உள் அறையில் இருந்தாய்.

அந்த மாதிரி ஒரு கல்லில் நம் வீட்டுப் பெயர் இருந்திருக்கலாம். யாரோ ஒருவன் அளந்து எழுதிக்கொண்டு போயிருப்பான். மூன்று நாளாக இதுதான் மனதில் ஓடுகிறது.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் எழுதவில்லை. வருகிற ஞாயிறு பேரையூருக்கு வருகிறேன். உன்னைக் கூட்டிவர அல்ல. முகம் பார்க்க வேண்டாம் என்றால் மாமாவோடு வாசலில் உட்கார்ந்துவிட்டு நான்கு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். வரவே வேண்டாம் என்றாலும் அத்தையிடம் சொல்லிவிடு, வரமாட்டேன்.

ரத்தத்துக்குக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதே. குலசாமி உன் பக்கத்தில் இருக்கட்டும்.

அன்றைக்கு முதலில் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
அழகுராஜா