பெரிய எழுத்துகளில் கேட்ட அப்பாவுக்கு

என் அன்பு அப்பா,

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. பெங்களூர் பொம்மனஹள்ளியில் நான் எப்போதும் போகிற பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கழிவறைக்குப் பக்கத்து நாற்காலி. ஏன் அது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குப் பதினாறு வயதில் பெருங்குடலில் புண் என்றார் டாக்டர். ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. பியூசி வகுப்பில் எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள், மாத்திரையை நிறுத்திவிட்டேன். வெளிக்குப் போகும்போதெல்லாம் ரத்தம். உங்களிடம் மூச்சு விடவில்லை. இந்த நோய்க்காரர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில், மல்லி என்ற பொய்ப் பெயரில், என் வயசுப் பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முகம் தெரியாதவர்களிடம் என்ன வெட்கம்?

ஒருநாள் அதே குழுவில், பெற்றோர் பகுதியில் ஒருத்தர் இங்கிலீஷில் கேட்டிருந்தார். "மகள் மடிவாளாவில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினாள். கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். என்ன செய்ய?" அன்று கழிவறை தேடி ஓடிய மகள் நான்; கேட்டது நீங்கள். முழுக்கப் பெரிய எழுத்து, கேபிடல் லெட்டர், பேங்க் ஃபாரம் நிரப்புகிற மாதிரி. இணையத்தில் அப்படி எழுதினால் கத்துவதாக அர்த்தம். வெளிநாட்டு அம்மா ஒருத்தி, ஏன் கத்துகிறீர்கள் என்று திட்டியிருந்தாள். நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள், அதையும் பெரிய எழுத்தில்! சிரித்தேன். அப்புறம் அழுதேன். வீட்டில் குரலே உயர்த்தாத மனுஷன் நீங்கள்.

மல்லியாகவே பதில் போட்டேன். "அங்கிள், உங்கள் பெண் மாத்திரையை நிறுத்தியிருப்பாள். திட்டாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்."

மறுநாள் ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றீர்கள்.

"செல்வி, கெளம்பும்மா. டாக்டரப் பாத்துட்டு வந்துடலாம்."

"எதுக்குப்பா?"

"சும்மாதான்."

அவ்வளவுதான் நாம் பேசியது. டாக்டர் வேறு மாத்திரை எழுதினார், தேறிவிட்டேன்.

மல்லி யாரென்று உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தேதான் சும்மா இருந்தீர்களா? அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று மூன்று வருஷம் தள்ளிப்போட்டேன். மாரடைப்பு என்ன, சொல்லிவிட்டா வந்தது?

மூன்று வாரமாக மறுபடி ரத்தம், அப்பா. குழுவில் எழுதினேன். பதில் போட்டவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள்: முதலில் வீட்டில் சொல். அம்மா தினமும் சாதத்தைப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள்.

"என்னடி, இப்டி எளைச்சுட்ட?"

"ஒண்ணுமில்லம்மா."

சொல்லிவிட்டு இங்கே ஓடி வந்துவிடுகிறேன். பெற்றோர் பகுதியைத் திறந்து, பெரிய எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறேன். பைத்தியம்தான் எனக்கு. இருப்புக் கொள்ளவில்லை.

அம்மாவுக்குக் கம்ப்யூட்டரைத் தொடவே தெரியாது, அப்பா. மல்லி எத்தனை பக்கம் எழுதினாலும் அவளுக்குப் போய்ச் சேராது. நான்தான் வாயைத் திறக்க வேண்டும். இதோ எழுந்துவிட்டேன். இன்று சாதத்தில் கை வைப்பதற்கு முன்னால் சொல்லிவிடுவேன். சத்தியம்.

உங்கள் மகள்,
செல்வி