அபஸ்வர அத்தை

ஜூன் 4

அன்புள்ள குட்டி,

நலம்தானே? மாப்பிள்ளையின் முதுகுவலி தேவலையா? போனில் பேசினால் உடனே நடிக்க ஆரம்பித்துவிடுகிறேன், அதனால்தான் எழுதுகிறேன். மறுபடி வீடு மாற்றிவிட்டேன். பழைய வீட்டில் தெருச்சத்தம் என்று காரணம் சொன்னேன். இங்கே சத்தமே இல்லை, ஆனாலும் உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

நான் நடிக்கிற டி.வி. தொடர் முடியப்போகிறது. பத்து வருஷமாக வாராவாரம் நான் வாயைத் திறப்பேன், சுருதி தப்பும், அக்கம்பக்கத்தார் ஜன்னலைச் சாத்துவார்கள், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். கடைசிப் பகுதியில் அபஸ்வர அத்தை முதல்முறையாகச் சரியாகப் பாடுகிறாளாம். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிட்டாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாடவேண்டியது கல்யாண வரவேற்புகளில் நாம் சேர்ந்து பாடின பாட்டுத்தான். வரவில்லை குட்டி. வேண்டுமென்றே தப்பாகப் பாடிப் பாடி, எது சரி என்று காதுக்கே பிடிபடவில்லை.

நம் இருவர் குரலும் ஒரே மாதிரி என்பாள் அம்மா. நீ பாடிக் கொடு, நான் வாயசைக்கிறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்.

உன் அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருடைய முதுகுவலியைவிட அதைப் பற்றிய பேச்சுத்தான் தாங்கவில்லை.

பாட்டு வகுப்பு முடிந்து நாற்காலிகளை மடித்து வைத்த பிறகு உன் கடிதத்தைப் படித்தேன். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. "ஆறே மாசம், அப்புறம் சேர்ந்து பாடலாம்" என்று சொல்லிவிட்டு நடிக்கப் போனவள் நீ. நான் தனியாக மேடையேறினால், அபஸ்வர அத்தையின் தங்கை என்று பாடுவதற்கு முன்பே சிரித்தார்கள். அதனால்தான் மேடையை விட்டேன். இப்போது நான் வேண்டாம், என் குரல் மட்டும் வேண்டுமா?

தரமாட்டேன். கிட்டாரோடு கிளம்பி வா. உட்கார்ந்து பாடிப் பார்ப்போம்.

குட்டி


ஜூன் 26

குட்டி,

உன் வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. நீ ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொடுத்தாய். நான்தான் இருப்புக்கொள்ளாமல் எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தேன். "அக்கா, வேடிக்கை காட்டாம பாடு" என்றாய். "வேடிக்கை இல்லடி, இவ்வளவுதான் வருது" என்றேன். உடனே நீ கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாயே, அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பஸ்ஸில் ஒரு குடும்பம் அடையாளம் கண்டுகொண்டு பாடச் சொன்னது. அபஸ்வரமாகப் பாடினேன். பஸ்ஸே சிரித்தது. உண்மையைச் சொன்னால், அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த வாரம் படப்பிடிப்பு. வேறொரு பாடகியின் குரலைப் பதிவு செய்துவிட்டார்களாம்.

அக்கா


ஜூலை 3

அன்புள்ள குட்டி,

நீ பதில் போடவில்லை. போடாவிட்டாலும் எழுதுகிறேன்.

அந்தப் பாடகியின் குரல் நன்றாகத்தான் இருந்தது. அரங்கம் நிறையப் பார்வையாளர்கள். இரண்டு வரி வாயசைத்துவிட்டு நிறுத்தச் சொன்னேன். இயக்குநர் ஓடிவந்து என்னவென்று கேட்டார். "நானே பாடுறேன் சார். தப்பா வந்தா உங்க இஷ்டம்" என்றேன்.

ஆரம்பித்ததும் சறுக்கியது. சிரித்தார்கள். சிரிப்புக் கேட்டதும் பழக்கத்தில் புருவம் தானாக மேலே போனது. அடக்கிக்கொண்டு, நீ பழக்கினபடி நின்று நிதானித்து முதலிலிருந்து பாடினேன். சிரிப்பு அடங்கியது. முடித்ததும் கைதட்டினார்கள். இயக்குநர் பிரமாதம் என்றார். நான் நாற்காலியிலிருந்து விழுந்தாலும் கைதட்டுகிறவர்கள் அவர்கள். பிரமாதம் என்கிறவர் அவர். இவர்களை எப்படி நம்புவது?

ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பு. கேட்டுவிட்டு உள்ளதைச் சொல். அதுவரை இந்த வீட்டில் நடந்துகொண்டுதான் இருப்பேன்.

அக்கா


ஜூலை 7

அக்கா,

பார்த்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், கையமர்த்திவிட்டேன்.

மூன்றாவது வரியில், மேலே போகிற இடத்தில், சுருதி இறங்கித்தான் நிற்கிறது. மற்ற வரிகள் எல்லாம் சரி. இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. உனக்கே தெரியும், ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

அந்த மூன்றாவது வரி உனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை அக்கா. கல்யாண வரவேற்புகளில் நீ கீழேயே நிற்பாய், மேலே போனது நான். இத்தனை வருஷத்தில் அதை மறந்துவிட்டு, என் இடத்தையும் நீயே பாடப் பார்த்திருக்கிறாய்.

சனிக்கிழமை வகுப்பு இல்லை. வா.

குட்டி