துணிக்குப் பின்னால் பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ சுகமாக இருப்பதைப் பேப்பரில் பார்த்தே தெரிந்துகொண்டோம். நாங்களும் இருக்கிறோம்.

உன் அண்ணன் அந்தப் பக்கத்தை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறார். பெரிய மண்டபம், கூரையிலிருந்து தரைவரை நீ தொங்கவிட்ட வெள்ளைத் துணி, நடுவில் ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். சுவரே இல்லாத வீடு என்று பேப்பர்காரன் எழுதியிருக்கிறான். அதற்கு ‘அப்பாவின் அறை’ என்று பெயர் வைத்தாயாமே. பெயர் வைப்பதில் என்ன சிரமம்? இங்கே உன் அப்பாவின் அறையைப் பெருக்கித் துடைப்பவள் நான்.

மாமாவுக்குக் கண் மங்கிப்போய்ச் சுவரில் முட்டிக்கொள்கிறார் என்று, போன தடவை வந்தபோது நம் கூடத்தில் துணியைக் கட்டி அறை அறையாகப் பிரித்தாய். நல்ல யோசனைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் துணியைக் கஞ்சி போக அலசி, ஒரு வாரம் சும்மா தொங்கவிட்டு, அது தன் பாரத்தில் இறங்கி முடித்த பிறகுதான் அடியை மடித்துத் தைக்க வேண்டும் என்று பேப்பர்காரனிடம் சொல்லியிருக்கிறாய். நம் வீட்டில் மட்டும் கட்டிய அன்றே தைத்துவிட்டு விமானம் ஏறினாய். நீ போனபின் துணி இறங்கித் தரையில் புரண்டது. மாமா கால் சிக்கி விழுந்தார், மண்டை உடைந்தது. நான் முட்டிபோட்டு அத்தனை துணியையும் பிரித்துத் தைத்தேன். அவளிடம் சொல்லாதே, வேலையில் இருப்பாள் என்றார் உன் அண்ணன்.

விழுந்ததிலிருந்து மாமா என் கையால் சாப்பிடவில்லை. துணிக்குப் பின்னாடி பாப்பா நிக்குது, அது வந்து ஊட்டட்டும் என்று ஒரே பிடிவாதம். கெஞ்சி அலுத்துப்போய், ஒருநாள் அந்தப் பக்கம் நின்று உன்னைப் போலவே இழுத்து இழுத்து, சாப்பிடுங்கப்பா என்றேன். துணி இடுக்கு வழியே கையை நீட்டி ஊட்டினேன். தட்டு காலி.

அதன்பிறகு தினமும் நான்தான் நீ. அது ஒன்றும் கஷ்டமில்லை. எதற்கும் சரிப்பா, வரேன்பா என்றால் போதும்.

போன வாரம் ஒரு வாய் வாங்கிக்கொண்டு ரகசியமாகச் சொன்னார், அந்த மகராசி என்னைப் பட்டினி போடறா பாப்பா, அவளைத் துரத்திடு, நீ இருந்தா போதும் என்று. அப்போது அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது என் கை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன் குரலிலேயே, இனிமே நான் வரமாட்டேன்பா, உங்களைப் பார்க்கவே பிடிக்கல என்று சொன்னேன்.

அன்று முழுக்க ஒவ்வொரு துணியாக விலக்கிக்கொண்டு நடந்தார். மறுநாள் என் கையால் சாப்பிட்டார். இப்போது உட்காரவைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். நடக்காதவருக்கு எதற்கு என்று துணிகளைக் கழற்றிவிட்டேன்.

அடுத்த மாதம் வருவதாக எழுதியிருந்தாய். வராதே, பாப்பா. நீ என்ன சொன்னாலும் அவர் இனி நம்பமாட்டார். ஒருவேளை நம்பிவிட்டால், நீ போனபின் மறுபடி யார் ஊட்டுவது? எனக்கு இனி அந்தக் குரல் வராது.

இன்னும் பத்து மண்டபம் கட்டு, பேர் வாங்கு. அவர் உனக்குச் சொல்ல வேண்டியதையும் நானே சொல்லிவிடுகிறேன். நல்லா இரும்மா பாப்பா.

இப்படிக்கு,
உன் அண்ணி