ஆதாரமாக அடைக்கப்பட்டிருக்கும் நாயை விடுவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வீட்டு நாய்களின் கழிவை அகற்றும் சேவை நடத்துபவர்,
பூங்காவுக்குப் பின் தெரு.

பெறுநர்:
நகராட்சி சுகாதார அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: விசாரணைக்காகக் காப்பகத்தில் வைக்கப்பட்டுள்ள வயதான நாயை விடுவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வீடு வீடாகச் சென்று நாய்க் கழிவை அள்ளிப் பிழைப்பவன் நான். தாங்கள் வழங்கிய உரிமத்தில் இது “செல்லப்பிராணிக் கழிவு மேலாண்மை” என்று கௌரவமாகக் குறிக்கப்பட்டுள்ளது. விசேஷ வீடுகளில் என் மைத்துனர், “மச்சான் சுற்றுச்சூழல் துறையில இருக்காரு” என்கிறார். என் மனைவி என்னை அறிமுகப்படுத்துவதே இல்லை.

2. ஒரு வீட்டு நாயின் நோய் அடுத்த வீட்டுக்குப் போகாதபடி, வெளியேறும்போது முறத்தையும் காலணியையும் மருந்து நீரில் கழுவுவேன். பிறகு கேட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டு, தோளால் ஒருமுறை இடித்துப் பார்ப்பேன். இதனால் என் சட்டைகள் எல்லாவற்றிலும் வலத் தோளில் துருக்கறை. “தினமும் எந்த கேட்டைக் கட்டிப் பிடிச்சுட்டு வர்றீங்க?” என்று வீட்டில் விசாரணை நடப்பதுண்டு. அந்த விசாரணையாவது அன்றே முடிந்துவிடும்.

3. எங்கள் தெருவில் தனியாக வாழும் ஓய்வுபெற்ற தட்டச்சு ஆசிரியை, குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருக்கிறார். அவருடைய நாயைத் தெருவே “ஜமீன்தார்” என்றழைக்கும். படியில் படுத்தபடியே சேவகம் பெறும் பிராணி. அதற்கு வலிப்பு உண்டு. காலையும் மாலையும் மாத்திரை தர வேண்டும். “அவன் பக்கத்துல மூக்கைப் பொத்தாம நிக்கிறவன் நீ ஒருத்தன்தான் தம்பி” என்று சொல்லி, டீச்சர் சாவியை என்னிடம் தந்தார்.

4. கடந்த திங்கட்கிழமை காலை மாத்திரை கொடுத்து, சுத்தம் செய்து, தாழ்ப்பாள் போட்டு, இடித்தும் பார்த்துவிட்டே புறப்பட்டேன். அதன்பின் தங்கள் ஊழியர் இருவர், “உங்கள் செல்லப்பிராணி, உங்கள் பாதுகாப்பில்” என்ற சுவரொட்டியுடன் வந்திருக்கிறார்கள். வெளியே ஒட்டினால் வழிப்போக்கர்தான் படிப்பார்கள், வளர்ப்பவர் கண்ணில் படாது என்பதால் கேட்டின் உட்பக்கம் ஒட்ட வேண்டும் என்பது உத்தரவாம். திறந்தார்கள், ஒட்டினார்கள், அப்படியே கிளம்பினார்கள். எதிரே துணி தேய்ப்பவர், “ஏம்ப்பா, சாத்திட்டுப் போங்க, உள்ள நாய் இருக்கு” என்று குரல் கொடுத்திருக்கிறார். “பசை ஈரமா இருக்குண்ணே, சாத்துனா தூண்ல ஒரசிக் கிழிஞ்சிடும்” என்று பதில் வந்திருக்கிறது. சுவரொட்டி கிழியவில்லை. ஜமீன்தார் தெருவுக்கு வந்தார். தங்கள் வண்டியே அவரை ஆதரவற்ற நாய் என்று ஏற்றிச் சென்றது.

5. மறுநாளே, கேட்டைத் திறந்துவிட்டதாக என் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. துணி தேய்ப்பவரின் சாட்சியம் ஏற்கப்படவில்லை. அவர் அப்போது தேய்த்துக்கொண்டிருந்தாராம்; கவனம் துணியில்தான் இருந்திருக்குமாம்.

6. காப்பகத்துக்குச் சென்றேன். “விசாரணை முடியாம நாயைத் தர முடியாது சார். அதுதானே ஆதாரம்?” என்றார் பிரிவு எழுத்தர். மாத்திரையையாவது கொடுக்கட்டுமா என்றேன். “ஆதாரத்துக்கு வெளியாளுங்க எதுவும் கொடுக்கக் கூடாது” என்றார். கூட்டில் கழிவு அள்ளப்படாமல் கிடந்தது. தொழில் புத்தி கேட்கவில்லை; இலவசமாக அள்ளித் தருகிறேன் என்றேன். “உங்க உரிமம்தான் நிறுத்தி வச்சிருக்கே” என்று நினைவூட்டினார். சட்டத்தை இவ்வளவு நுணுக்கமாகக் காப்பவரை நான் கண்டதில்லை.

7. “நேத்து ரெண்டு தடவை வலிப்பு வந்துச்சுங்க. எழுந்திருக்கவே நேரமாச்சு” என்று அங்கே வாசல் கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் தணிந்த குரலில் சொன்னார். இன்று கம்பி வழியே கூப்பிட்டேன். வால் மட்டும் அசைந்தது, தலை எழவில்லை. மருத்துவமனையில் டீச்சர், “சாப்பிட்டானா?” என்று கேட்கிறார். “அவனுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கான்” என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

8. எழுத்தர் நல்லவர். இன்று என்னைத் தனியே அழைத்து, “தப்பு உங்க மேலதான்னு எழுதிக் கொடுத்துடுங்க சார். கோப்பை மூடிட்டு இன்னிக்கே நாயைக் கூட்டிட்டுப் போயிடலாம். உரிமம் மட்டும்தான் போகும்” என்று வழி சொன்னார்.

9. ஆகவே ஐயா, கேட்டைத் திறந்துவிட்டுச் சென்றவன் நானே. நான்காவது, ஐந்தாவது பத்திகளில் எழுதியவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தங்கள் ஊழியர்கள் வரவில்லை, ஒட்டவில்லை. அசல் உரிமத்தை இத்துடன் இணைத்துள்ளேன். இருள்வதற்குள் கோப்பை மூடி, நாயை உயிருடன் என்னிடம் ஒப்படைக்க ஆணையிடுமாறு கைகூப்பி வேண்டுகிறேன்.

நாள்: வியாழக்கிழமை
இடம்: காப்பகத்தின் வாசல்

தாங்கள் விரும்பியபடி,
குற்றத்தை ஒப்புக்கொண்ட மனுதாரர்
(ஒப்பம்)