சேலையில் வருவதாகச் சொன்னேன்

2025 ஜூலை 21, திங்கள்

பாலியல் வழக்கு விசாரணை பற்றிப் புது சர்க்குலர், பன்னிரண்டு பக்கம். பாதிக்கப்பட்ட பெண் விரும்பினால் வீட்டிலேயே வாக்குமூலம் வாங்க வேண்டும்; சீருடையில் போகக் கூடாது. சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் என்றால் ஏட்டு சண்முகத்தாயும் இரண்டு கான்ஸ்டபிள்களும். பதினான்கு பேர் இருக்க வேண்டிய மகளிர் ஸ்டேஷன். "இதோட நாலு ஆளையும் சேத்து அனுப்பியிருக்கலாம்ல மேடம்" என்றாள் சண்முகத்தாய்.

ஜூலை 24, வியாழன்

பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண், இருபது வயது, அம்மாவோடு வந்தது. பெயரை இங்கேயும் எழுத மாட்டேன். செய்தவன் சூப்பர்வைசர். எஃப்.ஐ.ஆர். போட்டு, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போய் வந்தோம். வாக்குமூலம் பாதியில் நின்றது. பிள்ளை, மீதியை வீட்டில் சொல்கிறேன் என்றது. "நாளைக்கே வாரேன். சேலையிலதான் வருவேன், சொந்தக்காரி மாதிரி" என்றேன். அதற்குப் பிறகுதான் அந்த அம்மா தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

சூப்பர்வைசர் ஊரில் இல்லை. தேட அனுப்ப ஆளும் இல்லை.

ஜூலை 25, வெள்ளி

ஆண்டாள் தேர் பந்தோபஸ்து. எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. வழக்கு இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "தேர் நிலைக்கு வந்த பொறவு பாத்துக்கலாம்மா" என்றார் டி.எஸ்.பி.

ஜூலை 28, திங்கள்

ரத வீதியில் நிற்கும்போதே அந்த அம்மா மூன்று தடவை போன். "அவன் ஆளுக வீட்டுக்கே வந்து பேசிட்டுப் போறாக. நீங்க எப்ப வாரீக?"

தேர் நிலைக்கு வந்ததும் கிளம்பினேன். சேலைப் பை ஸ்டேஷனில். எடுத்துக்கொண்டு போனால் இன்னும் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்தேன் — காக்கியோடு, ஜீப்பில், நேராகத் தெருவுக்குள். பன்னிரண்டு பக்கத்தையும் வாசித்துக் காட்டினவள் நான்தானே?

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அந்த அம்மா கதவைப் பாதி திறந்து, "சேலையில வாரேன்னீகளே" என்றார். அவ்வளவுதான். பிள்ளை உள்ளறையை விட்டு வரவே இல்லை.

ஜூலை 29

அந்த அம்மா போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ஒன்றும் நடக்கவில்லை என்று மாஜிஸ்திரேட்டிடம் பிள்ளை சொல்லிவிட்டது. வெளியே வந்தபோது என்னைப் பார்க்கவில்லை. தேர் மேல் பழி போட்டுப் பார்க்கிறேன், ஆள் பற்றாக்குறை மேல் போட்டுப் பார்க்கிறேன். மனசு ஒத்துக்க மாட்டேங்குது.

ஆகஸ்ட் 13

சூப்பர்வைசர் வேலைக்குத் திரும்பிவிட்டானாம்.

ஆகஸ்ட் 20, புதன்

லீவு. சேலை கட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"வாடகைக்குப் பாக்க வந்தீகளாக்கா? அவுக காலி பண்ணிட்டுப் போயிட்டாக. இந்த வீடு வேண்டாம், போலீஸ் ஜீப் வந்து நின்ன வீடு."

சரி என்று தலையாட்டிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.