அமிர்தாவின் பை

பாறசாலை,
ஆகஸ்ட் 8

அன்புள்ள பிரசீதாவுக்கு,

ஷிஜா அக்கா எழுதுவது. இங்கே நானும் தம்பி அஜேஷும் நலம். உன் உடம்பு தேறி வருகிறது என்று அவன் சொன்னான். போனில் நாம் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம். நாளை அவன் ஒற்றசேகரமங்கலத்தில் உன் அம்மா வீட்டுக்குக் குழந்தையைக் கொண்டுவந்து உன்னிடம் விடும்போது, அவளுடைய பையின் வெளி அறையில் இது இருக்கும்.

செவ்வாய்க்கிழமை உன் செக்கப்புக்கு நெய்யாற்றின்கரை போகும்போது அமிர்தாவையும் கொண்டுபோகிறாயாம். பையில் என்னென்ன வேண்டும் என்று எழுதுகிறேன்.

டயப்பர் நான்கு. அரை நாள் பயணத்துக்கு இரண்டு போதும் என்பார்கள், கேட்காதே. மாற்று உடுப்பு இரண்டு ஜோடி, பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்திருக்கிறேன். அழுக்கானதைப் போட்டுக்கொண்டுவர இன்னொரு கவர் வேண்டும். சிறிய பிளாஸ்கில் வெந்நீர், டப்பாவில் பால்பொடி. ஏத்த வாழைக்காய்ப் பொடிக் கூழைக் காலையில் குறுக்கிக் காய்ச்சி எடுத்துக்கொள், பன்னிரண்டு மணிக்கு மேல் அதைக் கொடுக்காதே. ஊசி அட்டை உள் ஜிப்பில் இருக்கிறது. மஞ்சள் துவர்த்துத் துண்டை மடியில் விரித்தால்தான் தூங்குவாள். வேறு நிறம் அவளிடம் செல்லாது. காரணம் எனக்குத் தெரியாது.

இதெல்லாம் எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஜூலையில் ஒன்பதாம் மாத ஊசிக்கு நெய்யாற்றின்கரை போனபோது ஒரு டயப்பரும் பால்குப்பியும் மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். திரும்பும்போது அமரவிளைப் பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. அவளுக்கு வயிறு போயிற்று. அவள் உடுப்பு, என் சேலை எல்லாம் நாசம். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா தன் துவர்த்தைத் தந்தார். அதுதான் இந்த மஞ்சள் துவர்த்து. துடைத்துக்கொண்டே கேட்டார்:

“மாத்துத்துணி எடுக்காமலா மக்கா எறங்குன? உனக்க பிள்ளதானா?”

“எனக்க பிள்ளையாக்கும்” என்று சொன்னேன்.

 அத்தையாக்கும் என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மா உதியன்குளங்கரையில் இறங்கும்வரை அவகாசம் இருந்தது. நான் சொல்லவில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். குழந்தையை உன்னிடம் விடலாம் என்று உன் டாக்டர் ஜூலை முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார். மழை, இப்போது கொண்டுபோக வேண்டாம் என்று அஜேஷிடம் சொன்னது நான். சளி என்று சொன்னதும் நான். மழை இருந்தது, சளி இல்லை. அவன் என்னை நம்பினான்.

பிரசவம் கழிந்து பதினாறாம் நாள் நீ அடுக்களைக் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். குழந்தை அழுதது உனக்குக் கேட்கவே இல்லை. நான்தான் எடுத்தேன், அன்றிலிருந்து அவள் என்னிடம்தான். அன்று எடுத்தது சரி. ஆனால் ஜூலையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டது சரியில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தபோது அவள் உன்னைப் பார்த்துவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.  போன் சரிந்து உங்கள் வீட்டுக் கூரை மச்சு மட்டும் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பிரசீதா. நீ அழும் குரல் கேட்கிறதா என்று காது கொடுத்தபோதுதான் என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. மறுநாள் காலையில் அஜேஷிடம், “எலே, பிள்ளைக்குச் சளியே இல்ல. நான் சொன்னது பொய்யாக்கும். சனிக்கிழமை கொண்டு விடு” என்றேன். அவன் திட்டவில்லை. நீ திட்டினால் நான் கேட்டுக்கொள்வேன்.

முதல் இரண்டு மூன்று நாள் அவள் அழுவாள், வாசலைப் பார்ப்பாள். பதறாதே, என்னைக் கூப்பிடவும் வேண்டாம். கூப்பிட்டால் நான் அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவேன், அது அவளுக்கு நல்லதில்லை. செவ்வாய்க்கிழமை பையை எடுத்துக்கொள்ள உன் அம்மா முன்வருவார். அவர் உன்னோடு வரட்டும். பையை நீயே தோளில் போடு, குழந்தையை நீயே இடுப்பில் வை. பஸ்ஸில் யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் நீதான்.

வேளாவேளைக்கு மருந்து சாப்பிடு. நீயும் உன் மகளும் சுகமாக இருக்க வேண்டும். அவள் இன்னும் வாய் திறந்து யாரையும் அம்மா என்று கூப்பிடவில்லை. என்னையும் கூப்பிட்டதில்லை, இது பொய்யில்லை. உன்னைக் கூப்பிடுகிற அன்றைக்கு எனக்குப் போன் செய்யாதே. ஒரு வரி எழுதிப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
அமிர்தாவின் அத்தை,
ஷிஜா