நிரோஜினி எழுதிய வசனம்

மார்ச் 3, திங்கள்
பத்தாம் வகுப்புக்கு 'ரேர்ன் எ பிளைன்ட் ஐ' என்ற ஆங்கில மரபுத்தொடரைப் படிப்பித்தேன். கண் தெரியாதது அல்ல. பிழை என்று தெரிந்தும் கண்டும் காணாமல் விட்டுவிடுவது என்று விளக்கினேன். புத்தகத்தில் உதாரணமாக வரும் பொலிஸ்காரரும் லைற் இல்லாத சைக்கிளும் எனக்கே அலுத்துவிட்டன. மண்டைதீவில் நீங்கள் கண்டதை வைத்து ஆளுக்கொரு வசனம் எழுதுங்கள் என்றேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு.

வீட்டுக்கு வந்தால் வாசல் படலையில் மீன் பை. என் கணவர் கிறிஸ்தோப்பர் கடலோடு போனதிலிருந்து, பக்கத்து வீட்டு அன்ரனிதாஸ் தன் வள்ளம் வரும் நாளெல்லாம் கறிக்கு மீன் கொழுவிவிட்டுப் போவார். ஆம்பிளை இல்லாத வீட்டுக்குப் பங்கு கொடுப்பது இங்கே வழக்கம். மீன் வெட்டும்போது அவர் வீட்டில் அடி விழும் சத்தம். மனைவி ஜோசப்பின் அழுதாள். நான் ரேடியோச் சத்தத்தைக் கூட்டினேன்.

மார்ச் 4
கொப்பிகள் திருத்தினேன். அன்ரனிதாசின் மகள் நிரோஜினியும் இந்த வகுப்புத்தான். 'அப்பா அம்மாவுக்கு அடிப்பதை எங்கள் ரீச்சர் கண்டும் காணாமல் இருக்கிறார்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். இலக்கணம் சரி. பழக்கதோஷத்தில் சரி போட்டு, 'நன்று' என்றும் எழுதிவிட்டேன். பிறகுதான் என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்த்தேன்.

வெட்கமாக் கிடக்கு. சீ, நானும் ஒரு ரீச்சரோ?

மார்ச் 5
விபூதிப் புதன். கோயிலில் அன்ரனிதாஸ் முன் வரிசை, நெற்றியில் பாவத்துக்கு வருந்தும் சாம்பல். எனக்கும்தான்.

மார்ச் 7
குழாயடியில் ஜோசப்பினைத் தனியாகப் பிடித்து, கன்னம் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டேன்.
"இத்தனை வருசமாக் கேக்காத நீங்கள் இப்ப ஏன் ரீச்சர் கேக்கிறியள்?"
குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 11
பின்னேரம் சத்தம் கேட்டதும் போனேன். படலையில் நின்று கூப்பிட்டேன். அன்ரனிதாஸ் வெளியே வந்தார்.
"என்ரை மீனைத் திண்டுகொண்டு எனக்கே நியாயம் சொல்ல வந்தனீங்களோ?"
"ஓம் தாசண்ணை, திண்டனான். அதாலைதான் இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை. இனி எனக்கு மீன் வேண்டாம். இன்னொருக்கா அடி விழுந்தால் பொலிசுக்குப் போவன்."
அவருக்குப் பின்னால் நிரோஜினி நின்றாள்.

மார்ச் 15, சனி
விடிந்ததும் ஜோசப்பினே வந்து கூப்பிட்டாள். உதடு வெடித்திருந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம்.

பொலிசில் சாட்சி யார் என்று கேட்டார்கள். என் பெயரைச் சொன்னேன். எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்டார்கள்.

ஆறு வருடம் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பெண் பொலிஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.